வெளிநாட்டில் ஆசிரியர் வேலை போய்விட்டதா? அடுத்த பள்ளியில் சேரும்வரை செய்ய வேண்டியவை

மதியம் 2 மணிக்குக் கூப்பிட்டார்கள். அறையில் முதல்வர், பக்கத்தில் மனிதவள அலுவலர், மேசைமேல் இரண்டு தாள்கள். மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது, அடுத்த கல்வியாண்டில் மேல்வகுப்பு இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்றார்கள். ஆறு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவள் நான். மாலை 4 மணிக்கு வகுப்பறைக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தபோது என் பள்ளி மின்னஞ்சல் கணக்கை மூடிவிட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுப் பாடக்குறிப்புகள், வகுப்பைப் பார்வையிட்டவர்கள் எழுதிய அறிக்கைகள், பெற்றோர் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

வேறொரு நாட்டில் அடுத்த வேலையில் சேர ஐந்து மாதம் ஆனது. அதில் கிட்டத்தட்ட இரண்டு மாதம், பழைய பள்ளியிலிருந்து கடிதங்களைக் கேட்டு வாங்குவதிலேயே கரைந்தது. வேலை போனவுடன் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: அன்று இரவே நாற்பது பள்ளிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அது தவறான வரிசை. முதலில் தாள்கள், அடுத்து ஆட்கள், அதன் பிறகுதான் விண்ணப்பம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

கையெழுத்துப் போடும் முன்

என்னோடு அதே நாளில் வேலை இழந்த வேதியியல் ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது சிறியவள், நடைபாதையில் ஓடிவந்து ஒரு தாளைக் காட்டினாள். "அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்னு சொல்றாங்க." வாங்கிப் படித்தேன். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்ற பொருளில் இரண்டு வரி. அது ராஜினாமாக் கடிதம். அவள் விலகவில்லை, விலக்கப்பட்டாள். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ராஜினாமா என்று பதிவானால் பல நாடுகளில் இழப்பீடு குறையும், சில இடங்களில் அடியோடு போய்விடும். வேலையிழப்புக் காப்பீடு இருக்கும் நாட்டில் பெரும்பாலும் அதையும் கோர முடியாது. அடுத்த நேர்காணலில் "ஆட்குறைப்பு" என்று நீங்கள் சொல்ல, பழைய பள்ளி "அவராகவே விலகினார்" என்று சொன்னால் பொய் சொன்னது நீங்கள்தான் என்று ஆகிவிடும். எனவே அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துவிட்டு நாளை தருகிறேன்" என்று தாளைக் கையோடு எடுத்து வாருங்கள். அதற்கு மறுப்புச் சொன்னால், "பெற்றுக்கொண்டேன், ஒப்புதல் அல்ல" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, உங்கள் சொந்தக் கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கு மாற்றுவது. நீங்களே தயாரித்த பாடத்திட்டங்கள், உங்களைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகள், பயிற்சிச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள் இவை போதும். மாணவர்களின் பெயர், மதிப்பெண், படம் எதையும் எடுக்காதீர்கள். அது தவறு. அதோடு, குழந்தைப் பாதுகாப்பில் கண்டிப்பான அடுத்த பள்ளி அதை உங்களுக்கு எதிராகத்தான் பார்க்கும்.

முதல் வாரம்: பழைய பள்ளியிடம் கேட்டு வாங்க வேண்டியவை

ஆட்குறைப்பு செய்த பள்ளிக்கு முதல் சில நாள் ஒரு சங்கடம் இருக்கும். எதிரே வந்தால் முதல்வர் கண்ணைப் பார்க்கத் தயங்குவார். கேட்டதைச் செய்துகொடுக்கும் மனநிலை அப்போதுதான் இருக்கும். ஒரு மாதம் கழித்து அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும், உங்கள் மின்னஞ்சல் பதிலில்லாமல் கிடக்கும். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் இந்த ஒரு வாரம் அதை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றை வாங்கிவிடுங்கள்.

பணிநீக்கக் கடிதம். பள்ளியின் முகவரித்தாளில், முத்திரையோடு, காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்: மாணவர் சேர்க்கை குறைந்ததால் பணியிடம் நீக்கப்பட்டது, ஆசிரியரின் திறனோ நடத்தையோ காரணமல்ல. இந்தக் கடைசிப் பகுதிக்காகச் சண்டை போட வேண்டி வந்தாலும் போடுங்கள். மற்ற எல்லாக் கடிதத்தையும்விட எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

அனுபவச் சான்றிதழ். சேர்ந்த தேதி, விலகும் தேதி, முழுநேரமா, எந்தப் பாடம், எந்த வகுப்புகள், எந்தப் பாடத்திட்டம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "ஆசிரியராகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் வேலை விசாவுக்குப் பல இடங்களில் போதாது. வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து அனுப்பி, "இப்படி இருந்தால் உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கும் வேலை குறையும்.

பரிந்துரையாளர்கள். பன்னாட்டுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் பெரிய ஏஜென்சிகளில் பரிந்துரையை நீங்கள் கையில் வாங்கிப் பதிவேற்ற முடியாது. உங்கள் மேலாளரே நேரடியாக ஒரு ரகசியப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒருவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் முதல்வராக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். பன்னாட்டுப் பள்ளி முதல்வர்களும் அடிக்கடி நாடு மாறுகிறவர்கள். பள்ளி முகவரி மட்டும் வைத்திருந்தால் அடுத்த ஆண்டு அவரைப் பிடிக்க முடியாது. எனவே முதல்வர், துறைத் தலைவர், கூடவே ஒரு பெற்றோர் என மூன்று பேரின் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிவையுங்கள். பின்னர் சரிபார்ப்புக்கு அவர்களின் பள்ளி முகவரியும் தேவைப்படும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை நற்சான்று. நீங்கள் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அடுத்த பள்ளி இதைக் கேட்கும். நாட்டில் இருக்கும்போது, செல்லுபடியாகும் அடையாள அட்டையோடு போனால் சில நாளில் கையில் கிடைக்கும். வெளியேறிய பின் தூதரகம், கைரேகைத் தாள், கூரியர் என்று வாரக்கணக்கில் இழுக்கும். சில நாடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் கையில் ஒன்று இருப்பது நல்லது, ரெஸ்யூமேயோடு காட்டலாம்.

கடைசியாக, விடுவிப்புக் கடிதம். சீனாவில் வேறு பள்ளிக்கு மாற வேண்டுமானால் பழைய நிறுவனம் தரும் விடுவிப்புக் கடிதமும் பணி அனுமதி ரத்துச் சான்றும் இல்லாமல் ஒன்றும் நகராது. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கான இ-2 விசாவில் இருப்பவர் ஒப்பந்தம் முடியும் முன் இடம் மாற வேண்டுமானாலும் இதைக் கேட்பார்கள். கத்தாரில் வேலை மாறப் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியை 2020இல் எடுத்துவிட்டார்கள். தேவையோ இல்லையோ, கேட்டு வாங்கிவிடுங்கள்.

விசா: எத்தனை நாள் கையில் இருக்கிறது?

வேலை போன நாளும் விசா ரத்தாகும் நாளும் ஒன்றல்ல. ரத்து எந்தத் தேதியில் பதிவாகும் என்பதை மனிதவள அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் காலத்தின் கடைசி நாள்வரை ரத்து செய்யாமல் இருக்கச் சொல்லலாம். அந்த ஒரு மாதம் பெரிய உதவி.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். சிங்கப்பூரில் வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022க்குப் பின் விசா வகையைப் பொறுத்து 180 நாள்வரை அவகாசம் உண்டு. பிரிட்டனில் ஸ்பான்சர், அதாவது உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற பள்ளி, தகவல் தெரிவித்த பின் உள்துறை அமைச்சகம் கடிதம் அனுப்பி, வழக்கமாக 60 நாள் தரும். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா வைத்திருப்பவருக்கும் அதிகபட்சம் 60 நாள். ஜப்பானில் வேலை விட்ட 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் மூன்று மாதம் அந்த வேலையைச் செய்யாமலிருந்தால் தங்கும் தகுதியை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கொரியாவில் வேலை தேடுபவருக்கென்றே டி-10 விசா இருக்கிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நம்பி நாளைத் தவறவிடாதீர்கள்.

குடும்பம் உங்கள் ஸ்பான்சரில் இருந்தால் அவர்களின் விசாவும் உங்களோடு போகும். பிள்ளைகள் அதே பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கிறார்களா? கல்வியாண்டு முடியும்வரை தொடர அனுமதி கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் இதற்குச் சம்மதித்துவிடும், ஆனால் கேட்காமல் தானாகத் தரமாட்டார்கள்.

பணம்

ஒப்பந்தத்தை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள்: நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்பு, சேவைக்கால முடிவுத் தொகை, ஊர் திரும்பும் விமானச் சீட்டு, சாமான் அனுப்பும் தொகை. அமீரகச் சட்டப்படி இந்த முடிவுத் தொகை, ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அங்கே 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடும் கட்டாயம். தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு, மூன்று மாதம்வரை கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் கோர வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். மனசு உடைந்து கிடந்த மாதம் அது, யாரும் நினைவுபடுத்தவில்லை.

வளைகுடாவில் கடன் வைத்திருப்பவர்கள் கவனம்: சம்பளக் கணக்கில் இறுதித் தொகை வந்ததும் வங்கி அதைக் கடனுக்காக நிறுத்திவைக்கலாம். முன்கூட்டியே வங்கிக்குப் போய்ப் பேசித் தவணையை மாற்றிக்கொள்ளுங்கள். கடனைக் கட்டாமல் விமானம் ஏறுவது அடுத்த வேலையையே பாதிக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

"வெளிநாட்டில் ஆசிரியர் வேலை" என்பது ஒரே சந்தை அல்ல. மூன்று தனித்தனிச் சந்தைகள், மூன்றுக்கும் தகுதி வேறு.

முதலாவது பன்னாட்டுப் பள்ளிகள். பாடத்தில் பட்டம், பி.எட். அல்லது அதற்கு இணையான ஆசிரியர் தகுதி, குறைந்தது இரண்டாண்டு அனுபவம். இந்த மூன்றும்தான் வாசல்படி. ஐபி, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல், அமெரிக்க ஏபி, சிபிஎஸ்இ என்று பள்ளிக்குப் பள்ளி பாடத்திட்டம் மாறும். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு இங்கே வாய்ப்பு கூடுதல். மேல்வகுப்புக்குக் கற்பித்து, பொதுத்தேர்வுக்குத் தயார்செய்த அனுபவம் இருந்தால் இன்னும் கூடுதல்.

இரண்டாவது ஆங்கிலம் கற்பிக்கும் மொழி மையங்கள். இங்கே ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்களில் கேம்பிரிட்ஜின் செல்டா அல்லது டிரினிட்டியின் செர்ட்டிசால் மதிக்கப்படும். செல்டாவில் குறைந்தது 120 மணிநேரப் பயிற்சி, அதில் 6 மணிநேரம் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று கற்பிக்க வேண்டும். ஒரு வார இறுதியில் முடியும் மலிவான இணையச் சான்றிதழை நல்ல மையங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இதில் மாதக்கணக்கில் வீணாகிறோம். இந்தச் சந்தையில் பல இடங்களில் தகுதியைவிடப் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். கொரியாவின் இ-2 ஆங்கில ஆசிரியர் விசா அடிப்படையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்கானது. விளம்பரத்தில் "தாய்மொழியாளர்" என்று இருந்தால் நம்மை அவர்கள் மனதில் வைத்து எழுதவில்லை. இது நம் ஆங்கிலத்தின் மேல் வந்த தீர்ப்பு அல்ல, அவர்கள் விதி அப்படி. அங்கே முட்டிக்கொண்டிருக்காமல், உங்கள் பாடத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளிகளுக்குப் போங்கள். அங்கே இந்தச் சுவர் இவ்வளவு உயரமில்லை. 2021 ஜூலையில் சீனா தனியார் டியூஷன் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டபோது மொழி மைய ஆசிரியர்கள் ஏராளமானோர் ஒரே நேரத்தில் வேலை இழந்தார்கள். ஒரே அரசாணையில் மூடக்கூடிய துறையைவிடப் பள்ளி சற்று நிலையானது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது அரசு வழி. ஜப்பானியப் பள்ளிகளில் மொழி கற்பிக்க வெளிநாட்டவரை உதவிக்கு எடுக்கும் ஜெட் திட்டம் 1987 முதல் நடக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஜே-1 பரிமாற்ற விசாவில் மூன்றாண்டு போகலாம், மேலும் இரண்டாண்டு நீட்டிக்க வழியுண்டு. இங்கிலாந்தின் கியூடிஎஸ் ஆசிரியர் தகுதிக்கு 2023 முதல் இந்தியா, சிங்கப்பூர், நைஜீரியா உள்ளிட்ட மேலும் பல நாடுகளில் தகுதி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். இந்திய ஆசிரியர்களைப் பொறுத்தவரை கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிப்போருக்கு மட்டும் இந்தக் கதவு. அந்தப் பட்டியலில் நீங்கள் வந்தால் வேலை தேடும் இந்த இடைவெளியிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவையுங்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் எந்த நாட்டில் இருந்தாலும் கியூடிஎஸ்ஸை மதிக்கின்றன.

எந்த மாதத்தில் எது கிடைக்கும்

ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான ஆளை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே தேடத் தொடங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் தேர்வு மும்முரமாக நடக்கும், வேலைவாய்ப்புச் சந்தைகளும் அப்போதுதான். வேலை போனது மார்ச்சில் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஏப்ரலிலிருந்து ஜூன்வரை இன்னொரு அலை வரும். கையெழுத்திட்டவர் மனம் மாறுவார், ஒருவருக்கு விசா மறுக்கப்படும், ஒருவர் மகப்பேறு விடுப்பில் போவார். இந்தக் காலத்தில் பள்ளிக்கும் அவசரம் இருப்பதால் முடிவு ஒரே வாரத்தில் வரும். என் வேலை அப்படித்தான் வந்தது: ஒரு செவ்வாய்க்கிழமை விண்ணப்பித்தேன், அடுத்த திங்கட்கிழமை ஒப்பந்தம் வந்தது. தாள்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் தயாராக இருந்ததால்தான் அது முடிந்தது.

ஆகஸ்டில் யாராவது வராமல் போனாலும் இடம் திறக்கும். ஜனவரியில் சேரும் நடுவாண்டு வேலைகள் அக்டோபரிலிருந்து வெளிவரும். ஆஸ்திரேலியா போன்ற தென் அரைக்கோள நாடுகளில் கல்வியாண்டே ஜனவரி, பிப்ரவரியில்தான் தொடங்குகிறது என்பதால் அங்கே நாட்காட்டி வேறு.

பதிவும் ரெஸ்யூமேயும்

செர்ச் அசோசியேட்ஸ், 1955 முதல் இயங்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ் சர்வீசஸ், ஷ்ரோல், டெஸ், டை ஆன்லைன் ஆகியவை பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தும் ஏஜென்சிகளும் விளம்பரத் தளங்களும். எல்லாவற்றிலும் சேர வேண்டாம். ஓர் ஏஜென்சி, ஒரு திறந்த விளம்பரத் தளம், அதோடு நீங்கள் விரும்பும் இருபது பள்ளிகளின் சொந்த இணையப் பக்கம் போதும். திறமான பள்ளிகள் பல, விளம்பரத்தை முதலில் சொந்தப் பக்கத்தில்தான் போடுகின்றன.

ரெஸ்யூமே இரண்டு பக்கம். "ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல்" என்று எழுதினால் வேறு நாட்டவருக்குப் புரியாது. மாணவர் வயது, பாடத்திட்டம், வகுப்பின் அளவு, வெளித்தேர்வு நான்கும் வர வேண்டும்: "14 முதல் 16 வயது, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ இயற்பியல், வகுப்புக்கு 24 பேர், தேர்வெழுதிய மூன்று மாணவர் குழுக்கள்." நீங்கள் கற்பித்தது வேறு பாடத்திட்டம் என்றால், விண்ணப்பிக்கும் பள்ளியின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, எந்தெந்தப் பாடப் பகுதிகளை ஏற்கெனவே கற்பித்திருக்கிறீர்கள் என்று ஒரு பத்தியில் இணைத்துக் காட்டுங்கள். இதற்கு ஒரு மாலை செலவாகும். நாற்பது விண்ணப்பம் செய்யாததை இந்த ஒரு பத்தி எனக்குச் செய்தது.

இடைவெளிகளை மறைக்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்பு விதிப்படி, நல்ல பள்ளிகள் உங்கள் வேலை வரலாற்றில் இருக்கும் ஒவ்வொரு இடைவெளிக்கும் விளக்கம் கேட்டாக வேண்டும். மாதமும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். வேலையில்லாத மாதங்களுக்கு "ஆட்குறைப்புக்குப் பின் வேலை தேடல், ஐபி பயிற்சி வகுப்பு" என்று நேராகவே எழுதலாம். ஆண்டை மட்டும் போட்டு மூடி மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

"அங்கிருந்து ஏன் விலகினீர்கள்?"

நேர்காணலில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முதல் நேர்காணலில் இதற்கு ஆறு நிமிடம் பதில் சொன்னேன். சேர்க்கை எப்படிக் குறைந்தது, நிர்வாகம் என்ன தவறு செய்தது, என்னைவிட அனுபவம் குறைந்தவரை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று எல்லாம். திரையில் இருந்த பெண்மணியின் முகம் மாறுவதைப் பார்த்தேன், நிறுத்த முடியவில்லை. காயம் ஆறாமல் இருந்தது. அந்தப் பள்ளியிலிருந்து பதிலே வரவில்லை.

அதன் பிறகு பதிலை மூன்று வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்: "சேர்க்கை குறைந்ததால் பள்ளி என் பணியிடத்தை நீக்கியது. காரணத்தைக் குறிப்பிட்டு அவர்கள் தந்த கடிதம் இருக்கிறது, முதல்வரும் பேசத் தயார். ஆறு ஆண்டில் அங்கே நான் கட்டியெழுப்பியது ஆய்வகப் பாடத்திட்டம், அதைப் பற்றிச் சொல்லட்டுமா?" அவ்வளவுதான். மூன்றாவது வாக்கியம் முக்கியம், பேச்சு உங்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிடும். குரல் நடுங்காமல் சொல்ல வரும்வரை ஒரு நண்பரிடம் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

மற்றபடி அவர்கள் பார்ப்பது பாடம் எப்படி எடுக்கிறீர்கள் என்பதை. ஒரு டெமோ பாடம் கேட்டால், உங்களுக்குப் பிடித்த பெரிய தலைப்பை எடுக்காதீர்கள். மாணவர்கள் வழக்கமாக இடறும் ஒரு சிறு கருத்தை எடுங்கள். பிள்ளைகள் என்ன தவறு செய்வார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று காட்டுங்கள். குழந்தைப் பாதுகாப்புக் கேள்வி ஒன்றாவது வரும்: "ஒரு மாணவி வீட்டில் அடி வாங்குவதாக உங்களிடம் மட்டும் சொன்னால்?" ரகசியமாக வைத்திருப்பேன் என்று உறுதி தரமாட்டேன், அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி, அன்றே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைப்பேன் என்பதுதான் பதில். இதில் தடுமாறினால் வேறு எதுவும் காப்பாற்றாது.

இப்படி வந்தால் விலகிவிடுங்கள்

வேலை போனவரைத் தேடி வருபவர்களில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. அந்த நேரத்தில் நம் மனம் எதையும் நம்பத் தயாராக இருக்கும். நேர்காணலே இல்லாமல் வேலை, பள்ளியின் பெயரில் ஆனால் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம், "இருக்கையை உறுதிசெய்ய" இன்றே பணம், அசல் பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்பச் சொல்வது. இதில் ஒன்று இருந்தாலும் போதும், பதில் எழுதாதீர்கள். சில ஏஜென்சிகள் ஆசிரியரிடம் சிறு பதிவுக் கட்டணம் வாங்குவதுண்டு, சில நாடுகளில் சட்டமே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை, வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதைத்தான் பொது விதியாக வைக்கிறது. வேலைக்கும் விசாவுக்கும் விலை சொல்பவரிடம் போகாதீர்கள்.

"முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது நல்ல பள்ளிகளின் வாயிலிருந்தும் சில சமயம் வரும். வேலை அனுமதி கைக்கு வரும்வரை வகுப்பெடுக்காதீர்கள். பிடிபட்டால் நாடுகடத்தப்படுவது ஆசிரியர்தான், பள்ளி அங்கேயே இருக்கும்.

ஒப்பந்தம் வந்தபின்

மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போடத் தோன்றும். இரண்டு நாள் கேளுங்கள், கொடுப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை வேலை இழந்தவர் நீங்கள், ஆகவே மற்றவர்கள் படிக்காமல் விடும் பிரிவைத் தேடிப் படியுங்கள்: மாணவர் எண்ணிக்கை குறைந்தால் என்ன? எத்தனை மாத நோட்டீஸ்? இழப்பீடு உண்டா? "சேர்க்கைக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் அதன் பொருளை எழுத்தில் கேளுங்கள். சம்பளம் வரிக்கு முன்பா பின்பா, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தில் எவ்வளவு, சான்றிதழ் உண்மையானது என்று அரசிடம் வாங்கும் சான்றொப்பத்தின் செலவு யாருடையது என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பள்ளியை நீங்களும் விசாரியுங்கள். கடந்த மூன்று ஆண்டு மாணவர் எண்ணிக்கை என்ன? சென்ற ஆண்டு எத்தனை ஆசிரியர் விலகினார்கள்? முதல்வர் எத்தனை ஆண்டாக இருக்கிறார்? இவற்றை நேர்காணலிலேயே மரியாதையாகக் கேட்கலாம். சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்பதைப் பள்ளியிடம் கேட்டுப் பயனில்லை. லிங்க்ட்இன்னில் தேடி, அங்கே இப்போது இருக்கும் ஒருவரையும் சமீபத்தில் விலகிய ஒருவரையும் பிடித்துக் கேளுங்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட இதற்குப் பதில் சொல்கிறார்கள், அவர்களும் ஒரு காலத்தில் கேட்டவர்கள்தான்.

சான்றொப்ப வேலையை வேலை உறுதியாகும்வரை தள்ளிப்போடாதீர்கள். பட்டச் சான்றிதழும் பி.எட். சான்றிதழும் எப்படியும் தேவைப்படும். 1961 ஹேக் உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும் நாடுகளுக்கு இடையே, ஆவணம் உண்மையானது என்று அரசு போடும் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும். சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்ததால் அந்த நாட்டுக்கான அலைச்சல் குறைந்திருக்கிறது. மற்ற நாடுகளுக்கு உங்கள் வெளியுறவு அமைச்சகம், பின் அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முதலெழுத்தாக இருக்கும் அப்பா பெயர் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருப்பது நமக்கு இயல்பு, வெளிநாட்டு அலுவலருக்கு அது இரண்டு வேறு ஆட்கள். இரண்டும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்துவைத்தால் கடைசி நேரத்தில் பதற வேண்டியிருக்காது.

புதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் உங்களுக்காகப் பேசிய மூன்று பேருக்கும் எழுதுங்கள்: எந்தப் பள்ளி, எப்போது சேர்கிறீர்கள், அவர்கள் சொன்ன சொல் எப்படி உதவியது என்று. என் வேதியியல் தோழி எழுதிய கடிதத்துக்கு அவளுடைய பழைய துறைத் தலைவர் ஒரு வரியில் பதில் போட்டிருந்தார்: அடுத்த முறையும் என்னையே கேள். புதிய பள்ளியில் அவள் சேர்ந்த முதல் வாரமே என்னை அழைத்து, பாடக்குறிப்புகளைச் சொந்தக் கணக்கில் சேமிக்கும் வேலையை வெள்ளிக்கிழமை மாலைக்கென்று ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாள். நானும் வெள்ளிக்கிழமைதான் செய்கிறேன்.